இடது காதில் ஒரு காற்றுக்கசிவு

என்னோடு பேச வருகிறவர்களிடம் முதலில், வலது பக்கம் வந்து உட்காருங்கள் என்று சொல்வேன். இடது பக்கம் உட்கார்ந்தால் நீங்கள் வாயசைப்பதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தக் காது போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. போனது சும்மா கிடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. எந்த நேரமும் "ஸ்ஸ்ஸ்" என்று சீறிக்கொண்டிருக்கிறது. தூங்கினால்தான் எனக்கும் அதற்கும் ஓய்வு.

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். செயலாளர் வீட்டுக்கே வந்து, நல்லவேளையாக வலது பக்கமே உட்கார்ந்து, கேட்டுவிட்டுப் போனார். "அண்ணா, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க. இப்ப வர்றவங்க லேப்டாப்ப மாட்டிப் பாத்துட்டு, வண்டில ஒண்ணும் இல்லன்றாங்க. திருப்பதில ஓடற கரெண்ட் பஸ்ஸுல கேக்கறதுக்குச் சத்தமே இல்ல. நீங்கள்லாம் காதாலயே வண்டி பாத்தவங்க."

என் பெருமையை எழுதுவேன் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறார். எழுதியதைப் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

நகரிக்குப் பக்கத்து ஊர் எனக்கு. நைனாவுக்கு நான் கரும்பு வயலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. எனக்கு டீசல் மேல் ஆசை. சித்தூரில் ஐ.டி.ஐ. படித்து, டிப்போவில் ஹெல்பராகச் சேர்ந்து, ஆறு வருடம் கிரீஸ் பூசிய பிறகு மெக்கானிக் ஆனேன். எந்த டிப்போ என்று எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

எங்கள் ஃபோர்மேன் பெயர் நாராயண ரெட்டி. ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. எங்கள் வண்டிகளில் பாதி, பலமனேர் வழியாகக் குப்பம் பக்கம் போகிறவை. போகும்போது மொகிலி கணவாய் ஏற்றம், திரும்பும்போது அதே கணவாய் இறக்கம். எல்லாம் காற்று பிரேக். எங்காவது ஒரு குழாயில் காற்று கசிந்தால் இறக்கத்தில் மிதிக்க மிதிக்கக் குறைந்துகொண்டே வரும். காற்று எவ்வளவு இருக்கிறதென்று காட்ட டிரைவருக்கு முன்னால் ஒரு முள் இருக்கும். பழைய வண்டிகளில் அந்த முள் எப்போதோ படுத்துவிட்டது. ஆகவே காலையில் வண்டி வெளியே போகுமுன் காதால்தான் பார்க்க வேண்டும். அதற்கு எங்கள் ஷெட்டில் "செவி பெட்டுறது" என்று பெயர். காது கொடுப்பதைத்தான் ரெட்டிகாரு தெலுங்கில் அப்படிச் சொல்வார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

அவர் செய்யும் முறை இது. டேங்க் நிறையும்வரை இஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவார். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். ரெட்டிகாரு வலது கையைத் தூக்குவார். சுத்தியல் அடிப்பவர் நிறுத்திவிடுவார், டயர் கழற்றுபவர் கடப்பாரையைத் தரையில் மெதுவாக வைத்துவிடுவார், டீக்காரர்கூட டம்ளர் கழுவ மாட்டார். அப்புறம் முன் இடது சக்கரத்திலிருந்து ஆரம்பித்து வண்டியை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு சக்கரத்திடமும் குனிந்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு நிற்பார். மனதுக்குள் இருபது எண்ணும் நேரம். எங்காவது சத்தம் கேட்டால் உடனே சொல்ல மாட்டார். அந்த இடத்தைச் சாக்பீஸால் தொட்டுவிட்டு மீதிச் சக்கரங்களையும் முடிப்பார். கடைசியில்தான் சோப்புத் தண்ணீர் வாளி வரும். பிரஷ்ஷால் அந்த இடத்தில் தடவினால் நுரை பொங்கும். அவர் தொட்ட இடத்தில் நுரை பொங்காமல் நான் பார்த்ததில்லை.

"வாயத் தொறந்துக்கோ, கன்னியப்பா," என்பார் என்னிடம். "வாய் மூடினா நம்ம மூச்சு நமக்கே கேக்கும்."

பன்னிரண்டாவது வருடம் கணவாய் வண்டிகளை என்னிடம் விட்டார். ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லவில்லை. ஒரு காலையில் கையைத் தூக்குவதற்குப் பதில் என் கையைப் பிடித்துத் தூக்கினார். ஷெட் அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. இன்று யோசித்தால், நான் கெட்டது அந்த அமைதியால்தான் என்று படுகிறது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வண்டியில் குறை இருந்தால் டிரைவர் கம்ப்ளெயின்ட் தாளில் எழுத வேண்டும் என்பது ரூல். எழுதினால் வண்டி நின்றுவிடும், டிரிப் கேன்சல் ஆகும், ஸ்டாண்டில் காத்திருக்கும் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் நம்பிக்கையான மெக்கானிக்காக இருந்தால் டிரைவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டு நாஷ்டாவுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் பார்த்து, இருந்தால் சரிபண்ணி, தாளில் ஓகே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். யாருக்கும் தலைவலி இல்லை.

காது போனது பொன்னுக்கு வீங்கியில். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் தொற்றி, அவளிடமிருந்து எனக்கு வந்தது. அவள் ஒரு வாரத்தில் எழுந்து விளையாடப் போய்விட்டாள். எனக்கு இரண்டு தாடையும் வீங்கி முகம் தலையணை மாதிரி ஆகிவிட்டது. என் மனைவி வள்ளி தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டாள். ஆறாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தால் வீடே சுற்றியது. இரண்டு முறை வாந்தி. இடது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வீக்கம் வடிந்தால் காதும் திறந்துகொள்ளும் என்று பத்து நாள் காத்திருந்தேன். வீக்கம் வடிந்தது. காது திறக்கவில்லை, சீறல்தான் ஆரம்பித்தது.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்று கை காட்டினார்.

டாக்டரம்மா நல்லவர். மெதுவாகத்தான் சொன்னார். முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாமாம், இப்போது நரம்பு போய்விட்டதாம். இந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று கேட்டேன். பழகிக்கொள்ள வேண்டும் என்றார். ஆபீசில் கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டும் எழுதித் தந்தார்.

அந்தச் சீட்டை நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் மெடிக்கலுக்கு அனுப்புவார்கள், டயர் பக்கமோ வாசல் கேட் காவலுக்கோ தள்ளிவிடுவார்கள். சம்பளம் அதேதான். ஆனால் நான் கையைத் தூக்கினால் ஷெட் நிற்காது. "இன்னொரு காது இருக்குதில்ல," என்று வள்ளியிடம் சொன்னேன். சீட்டைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

ஒரு காது இருந்தால் போதும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஒரு காதால் கேட்டால் சத்தம் இருப்பது தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாது. அதைவிடப் பெரிய கஷ்டம், நான் தேடிப்போகிற சத்தமும் என் தலைக்குள் இருக்கிற சத்தமும் ஒன்றுதான். காற்று கசிந்தால் "ஸ்ஸ்ஸ்". என் காதும் "ஸ்ஸ்ஸ்". வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே மூன்று வண்டிகளை நிறுத்திவிட்டேன். ரெட்டிகாரு வாளியோடு வந்து தடவினார். நுரை பொங்கவில்லை. நான்காவது வண்டிக்கு நானே பயந்துபோய் எல்லா ஜாயின்டிலும் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா கன்னியப்பா, பஸ்ஸுக்குத் தலைக்கு ஊத்தறியா?" என்று டயர் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டார்.

ஷெட்டே சிரித்தது. ரெட்டிகாரு மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து நான் வாளியைத் தொடுவதை விட்டேன். வீட்டில் படுத்திருக்கும்போது கேட்கிற அளவுக்குச் சீறினால் அது என்னுடையது, அதற்கு மேல் கேட்டால் வண்டியுடையது என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் மூன்று வருடம் ஓட்டினேன். அதிர்ஷ்டத்தில் ஓடியதைத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

முனிரத்தினம் குப்பம் பக்கத்தில் இருக்கும் சாந்திபுரத்து டிரைவர். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் துன்னவர்கள். அன்றைக்குக் காலையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"கன்னியப்பா, நேத்து எறக்கத்துல பிரேக் மெதிக்கும்போது பின்னாடி ஸ்ஸுனு கேட்டுக்கினே வந்துச்சு. எழுதினா வண்டி நின்னுபூடும். நீ ஒரு தபா பாத்துடேன்."

"நா பாக்கறேன். நீ போய் ரெண்டு இட்லி துன்னுட்டு வா," என்றேன்.

ரெட்டிகாரு அன்று லீவு. கிளீனரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினேன். எல்லாம் நின்றது. முன் சக்கரத்தில் குனிந்தேன், "ஸ்ஸ்ஸ்." அடுத்த சக்கரத்தில் "ஸ்ஸ்ஸ்." பின் இடது சக்கரத்தில் குனிந்தபோது கொஞ்சம் கூடுதலாகக் கேட்ட மாதிரி இருந்தது. வலது காதைத் திருப்பி வைத்தேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. முதல் நாள் சரியான தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாவிட்டால் என் காது கூடுதலாகச் சீறும்.

சோப்பு வாளி நாலு எட்டில் இருந்தது. டயர் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாளியைப் பார்த்தேன், அவர்களைப் பார்த்தேன். நிமிர்ந்து கையை இறக்கினேன். ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னாபா இருந்துச்சு?" என்றான் முனிரத்தினம், இட்லி தின்ற கையைத் துடைத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல. போ."

"சரி," என்று ஏறிப் போனான். மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வரும்போது, மத்தியானத்துக்கு மேல், கணவாய் இறக்கத்தில் பின் இடது குழாய் வெடித்துக் காற்று முழுக்கப் போய்விட்டது. கியரைக் குறைத்துப் பார்த்திருக்கிறான், நிற்கவில்லை. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மலை. வண்டியை மலைப் பக்கம் சாய்த்து, பாறையில் உரசி உரசி நிறுத்தினான். நாற்பது பேருக்கு மேல் இருந்த வண்டி. எல்லாருக்கும் அடி, காயம். உயிர் போனது ஒருவருக்குத்தான். இடது பக்க முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பச்சையப்பன். சாந்திபுரத்தில் முனிரத்தினம் வீட்டுக்கு எதிர் வீடு. டெய்லர். லைனிங் துணி வாங்கச் சித்தூருக்கு வந்துகொண்டிருந்தார். முனிரத்தினத்துக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது.

வண்டியை இழுத்து வந்து போட்டபோது நான் போய்ப் பார்த்தேன். மோதியதில் நிறையக் குழாய்கள் கிழிந்திருந்ததால் எது முதலில் போனது என்று இன்ஸ்பெக்டரால் சொல்ல முடியவில்லை. என்னால் முடிந்தது. நெடுநாள் கசிந்த இடத்தில் புழுதி ஒட்டாது. பின் இடது குழாயில் விரல் நீளத்துக்குச் சுத்தமாக ஒரு கீற்று இருந்தது. பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி வந்துவிட்டேன்.

விசாரணைக்கு முனிரத்தினம் கட்டையூன்றிக்கொண்டு வந்தான். தாளில் ஏன் எழுதவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"வாயால சொன்னேன் சார். கன்னியப்பன் காதுல போட்டுட்டுத்தான் போனேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். சொன்னாரா?

"சொல்லல சார்," என்றேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, எடுத்துக் கொடுக்கிற மாதிரிச் சொன்னான். "சொன்னேனே கன்னியப்பா. இட்லி துன்னப் போறதுக்கு முன்னாடி. நீதானே துன்னுட்டு வான்னு அனுப்பிச்ச."

"எனக்கு நெனப்பில்ல," என்றேன்.

டிரைவரின் கவனக்குறைவு என்று முடித்து, அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் நான் நின்றுகொண்டிருந்தபோது ரெட்டிகாரு என் இடது பக்கம் வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. "ஃபோர்மேன் உன்ன மூணு தபா கூப்பிட்டாரு, நீ திரும்பிக்கூடப் பாக்கலியே," என்று ஒருவர் பிறகு சொன்னார். மறுநாள் என்னை ஸ்டோருக்கு மாற்றி ஆர்டர் வந்தது. காரணம் எழுதவில்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், கேட்ட பிறகு அவரும் சும்மா இருக்க முடியாது. அந்த வருடமே ரிட்டையர் ஆனார், இப்போது இல்லை. நான் மீதி சர்வீஸை நட்டு போல்ட்டு எண்ணிக் கொடுத்து முடித்தேன், மாலை போட்டு அனுப்பினார்கள்.

மலருக்கு எழுத உட்கார்ந்தால் இதைத் தவிர எதுவும் வரவில்லை. மூன்று நாள் காகிதத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வள்ளி என்னவென்று கேட்டாள். ஒன்பது வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"அந்த ஆளு பகல்ல வெளிய வர்றதே இல்லன்னு கேள்விப்பட்டேன்," என்றாள். "தான் பொழைக்கறதுக்காகப் பச்சையப்பன் இருந்த பக்கம் இடிச்சான்னு ஊர்ல சொல்லிக்கினு கீறாங்களாம். எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? அவராண்ட போய்ச் சொல்லு."

பீரோவிலிருந்து டாக்டர் சீட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். நடந்ததை எழுதி, சீட்டின் நகலை வைத்து ஆபீசுக்குத் தபாலில் போட்டேன். இன்னும் பதில் இல்லை. போட்ட கையோடு குப்பம் பஸ் ஏறினேன்.

முனிரத்தினம் உள் அறையில், தெருக் கதவு தெரியாத பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காதிலிருந்து ஆரம்பித்து, வாளி, கீற்று, விசாரணையில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"காது எப்போ போச்சு?" என்றான்.

"அதுக்கு மூணு வருசம் முன்னாடியே."

"எனக்குத் தெரியாதே, கன்னியப்பா."

அடிப்பான் என்று நினைத்துப் போனவன் நான். அவன் என் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, எனக்குக் கேட்க வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "இத ஏன் எங்கிட்ட வந்து சொல்ற? நா அன்னிக்கே சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? எழுந்திரு."

கட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். நான் பின்னால் போனேன். எதிர் வீட்டு முன்னறையில் பச்சையப்பன் மனைவி குப்பம்மா மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். முனிரத்தினத்தைப் பார்த்ததும் கால் நின்றது. அவன் படி ஏறவில்லை.

"இவரு ஒண்ணு சொல்லணுமாம்," என்றான் தலையைக் குனிந்துகொண்டே. "கேட்டுக்கோம்மா."

நான் நின்றபடியே மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கவில்லை. முடித்ததும் குப்பம்மா எழுந்து வாசலுக்கே வந்து நின்றார்.

"அப்போ பிரேக் இல்லன்னு இவருக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. இருக்குதுன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன்."

"அந்தப் பக்கம் வேணும்னு சாய்க்கலியா?"

"சாய்க்கலன்னா மொத்த வண்டியும் பள்ளத்துல போயிருக்கும்மா."

என்னை அவர் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. திட்டவும் இல்லை. திரும்பி உள்ளே போய், நாற்காலி மேல் கிடந்த துணிகளை அள்ளித் தரையில் வைத்தார்.

"வெயில்ல ஏன் நிக்கறண்ணா," என்றார் முனிரத்தினத்திடம். "உள்ள வா."

அவன் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். கட்டையை முதல் படியில் வைத்தான், காலை இழுத்து ஏறினான், போய் உட்கார்ந்தான். குப்பம்மா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அவனும் அழுதான். ஏதோ பேசினார்கள், தெருவில் நின்ற எனக்குக் கேட்கவில்லை.

முனிரத்தினத்தின் மனைவி தன் வீட்டு வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். என்னைத் தாண்டிக்கொண்டு அவரும் உள்ளே போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை.